வௌவால்கள் சிவந்த மருதமரம்

எங்கள் கட்டளைப்பேரியில் வௌவால்களுக்கு நிறம் வந்தது ஆடி மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. அன்றைக்கு ரேஷன் கடையில் பாமாயில் வந்திருந்தது, அதனால் ஊரில் பாதிப்பேர் மருதமரத்தடியில் வரிசையில் நின்றார்கள், நின்றவர்களில் பாதிப்பேர் வெயிலைத் திட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள், பார்த்தபோது, அதுவரைக்கும் பழைய குடைத்துணி நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்த அறுநூறு வௌவால்களும் புழுக்கம் தாங்காமல் விசிறிக்கொள்வதற்கு இறக்கையை விரித்தன, விரித்த இறக்கையின் உள்பக்கத் தோல் ஒன்றில் மஞ்சளாகவும் ஒன்றில் கத்திரிப்பூவாகவும் ஒன்றில் மயில்கழுத்தாகவும் இருந்தது. யாரும் அலறவில்லை. வரிசையில் முன்னால் நின்ற கோமு மட்டும், "ஆத்தாடி, சேலைக்கடை மாதிரில்லா இருக்கு," என்றாள். அதற்குள் கடைக்காரர் அடுத்த அட்டையைக் கூப்பிட்டுவிட்டதால் வரிசை நகர்ந்தது.

நான் பூதத்தான். அந்த மரத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மெஷின் சுவரைப் பார்த்து இருக்கும், சுவரில் ஆள் உயரக் கண்ணாடி இருக்கும், வாசலும் மரமும் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும். இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் வருத்தப்படக் கூடாது.

எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கும் கிடையாது, சாவுக்கும் கிடையாது, எலெக்‌ஷனில் ஜெயித்தவர்கள்கூட எங்கள் ஊர் எல்லைக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டபடி போவார்கள். வௌவால் பயந்து மரத்தை விட்டுப் போய்விட்டால் பேரியில், அதாவது ஊரின் பெரிய ஏரியில், தண்ணீர் நிற்காது என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் ஊருக்குப் புதிதாக வருகிற எதையும் முதலில் மரத்துக்குக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவோம், மணப்பெண்ணை, பிறந்த பிள்ளையை, வாங்கிய மாட்டை, புது மோட்டார் சைக்கிளை. மரத்தடியில் நிறுத்தி, "இது நம்ம ஆளு, பாத்துக்கிடுங்க," என்று ஒருவர் உரக்கச் சொல்வார், மேலேயிருந்து ஏதாவது விழுந்தால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அறுநூறு வௌவால் தொங்குகிற மரத்தடியில் ஏதாவது விழாமல் இருக்குமா? ஆகவே மரம் இதுவரை யாரையும் வேண்டாமென்று சொன்னதில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கொம்பையாவின் பெண்டாட்டியாகத் தென்காசிப் பக்கமிருந்து வந்த பிரம்மசக்திக்குத்தான் கொஞ்சம் தாமதமாயிற்று. கால் மணி நேரம் மாலையும் கழுத்துமாக நின்றாள், ஒன்றும் விழவில்லை, கடைசியில் பாதி கடித்த வாதாங்காய் ஒன்று விழுந்தது, அதுவும் அவளுக்கு ஓரடி பின்னால் விழுந்தது. அன்றைக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள், ஆனால் அந்த ஓரடியை ஒருவரும் மறக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் வீணாக்க மாட்டார்கள், பின்னால் உதவும் என்று மடித்து வைப்பார்கள்.

நிறம் வந்து ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே "இன்னைக்கு வாடாமல்லி சாஸ்தி" என்று பேசிக்கொண்டோம். தாய் இறக்கையை விரித்துக் காட்டினால் வயிற்றில் தொங்குகிற குட்டி தன் சின்ன இறக்கையை விரித்து அதே நிறத்தைத் திருப்பிக் காட்டியது, பக்கத்துக் கிளையில் ஒரு கிழட்டு ஆண் மஞ்சளைக் காட்டினால் அந்த மஞ்சள் கிளை முழுவதும் ஓடி அடுத்த கிளைக்குத் தாவியது. பாளையங்கோட்டையிலிருந்து வௌவால் படிப்புப் படித்த ஜெபசெல்வி என்கிற அம்மா காமிராவோடு வந்து மூன்று நாள் பார்த்துவிட்டு, "பழந்தின்னி வௌவால் கண்ணை நம்பி வாழ்ற ஜீவன், தோல் நெறத்தால ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடுது, ஆனா இப்பிடி ஒரு பழக்கம் உடம்புல ஊற லட்சக்கணக்கான வருஷம் ஆகணும்," என்றார்கள். "எங்க ஊர்ல செவ்வாக்கெழம ஒரே நாள்ல ஆயிட்டு," என்றார் மரக் கமிட்டித் தலைவர் பூலுடையார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அதுக அதுகளுக்குள்ள பேசுது. உங்ககிட்ட ஒண்ணும் பேசல," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்கள்.

அந்தப் பேச்சு எங்களுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் மரம், எங்கள் வௌவால், எங்கள் பிள்ளைகள் வெடி வெடிக்காமல் மத்தாப்பை மட்டும் பிடித்துக்கொண்டு வளர்ந்ததெல்லாம் அதுகளுக்காக, அப்படியிருக்க எங்களிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசும்? பேசுகிறது, நமக்குத்தான் புரியவில்லை என்று முடிவு செய்தோம். முடிவு செய்தபின் புரிய ஆரம்பித்தது.

முதலில் கோமுவின் கோழி காணாமல் போனது. முன்பென்றால் சுடலைமாடன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள், இப்போது சந்தேகப்பட்ட ஆளை மரத்தடியில் கொண்டுபோய் உச்சி வெயிலில் நிறுத்தினார்கள். "இவன் எடுத்தானா?" என்று பூலுடையார் மேலே பார்த்துக் கேட்டார், மேலே இறக்கைகள் விரிந்தன, விரிந்தது சிவப்பு என்றார் ஒருவர், அரக்கு என்றார் இன்னொருவர், மாதுளம்பூ என்றாள் கோமு, சண்டை வந்தது. அப்போதுதான் யாருக்கோ என் ஞாபகம் வந்து, "டெய்லரைக் கூப்பிடுங்க, அவருக்குத்தான் நெறம் தெரியும்," என்றார்கள்.

நான் நூல் கம்பெனியின் சேட் கார்டை எடுத்துக்கொண்டு போனேன். முந்நூற்றுச் சொச்சம் நிறம் நூலாகச் சுற்றி ஒட்டிய அட்டை அது, ரவிக்கைத் துணியை அதன்மேல் வைத்துப் பொருத்தமான நூலைக் கண்டுபிடிப்பது என் தொழில். அட்டையை உயர்த்திப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "மிளகாப்பழச் செவப்பு," என்றேன். கோழி எடுத்தவன் அன்று சாயங்காலமே ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டது ஐந்து பேர் சேர்ந்து மிரட்டியதால் என்று பிறகு அவன் சொன்னான், அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து நான் நிறம் சொல்கிறவன் ஆனேன். எனக்கு டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டார்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் 'டெய்லர் அண்ணாச்சி' என்றார்கள், அது எனக்குப் பிடித்திருந்தது, பிடித்திருந்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மஞ்சள் என்றால் சுத்தம், கத்திரிப்பூ என்றால் பாதிப் பொய், சிவப்பு என்றால் குற்றம் என்று ஒரு கணக்கு எப்படியோ உண்டாயிற்று. யார் உண்டாக்கினார்கள் என்று கேட்டால் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். பால்காரர் மரத்தைத் தாண்டும்போது கேனைத் துண்டால் மூடிக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்குமுன் அவள் தகப்பனை மரத்தடியில் நடக்கச் சொன்னார்கள். புருஷன் வேலைக்குப் போகையில் பெண்டாட்டியும், பெண்டாட்டி தண்ணீருக்குப் போகையில் மாமியாரும் வாசலில் நின்று மேலே பார்த்தார்கள், வாசலில் நின்று பார்க்கிறவர்கள் எதற்காகப் பார்க்கிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். நாளாக நாளாக மஞ்சள் குறைந்தது, மயில்கழுத்து போனது, வாடாமல்லி எப்போதாவதுதான் தெரிந்தது, புரட்டாசி முடியும்போது எந்த நேரத்தில் அண்ணாந்தாலும் மரம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. ஊரில் இவ்வளவு தப்பு நடக்கிறதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கதவுக்குக் கொண்டி வைக்காத ஊரில் ஆசாரிக்குக் கொண்டி வேலை ஓயவில்லை.

ஐப்பசியில் மூன்று வௌவால்கள் செத்துக் கிடந்தன. இரண்டு பேரிக்கரையில், ஒன்று பிரம்மசக்தி வீட்டுக் கொல்லைக்குப் பின்னால்.

பிரம்மசக்தியின் மகள் சுபிக்சாவுக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்து இளைப்பு, தூசி பட்டால் நெஞ்சு விசிலடிக்கும், ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடி தூங்கும் பிள்ளை. கொம்பையா கொட்டாரக்கரையில் பேக்கரியில் வேலை பார்க்கிறான், மாதம் ஒருதரம் வந்து போவான், பிள்ளையின் நெஞ்சைத் தடவிக்கொடுக்கிற வேலை முழுக்க அவளுடையது. வௌவால் கறி தின்றால் இளைப்பு நிற்கும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. யார் தின்று யாருக்கு நின்றது என்று கேட்டால் பதில் இருக்காது, ஆனாலும் பேச்சு உண்டு. அந்த வருஷம் ஆவணியிலிருந்து பிள்ளைக்கு இளைப்பு வரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கொக்கோ விளையாடியது, மெலிந்த கன்னத்தில் சதை பிடித்தது. ஊர் அதைப் பார்த்தது.

"எப்பிடிட்டீ திடீர்னு நின்னுச்சு?" என்று கோமு கேட்டாள்.

"நின்னுட்டு மயினி. சாமி புண்ணியம்," என்றாள் பிரம்மசக்தி. தென்காசி டாக்டர் கொடுத்த இழுக்கிற மருந்தை அவள் அரிசிப்பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள், பொம்பளைப் பிள்ளை வாயில் குழாய் வைத்து இழுக்கிறது என்று தெரிந்தால் நாளைக்கு யார் கட்டுவான் என்கிற பயம். மறைத்தது அதைத்தான் என்பது எனக்கும் பின்னால்தான் தெரியும். எதையோ மறைக்கிறாள் என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை உச்சியில் அவளை மரத்தடிக்குக் கூப்பிட்டார்கள். ஊரே வந்தது. பிள்ளையை இடுப்போடு அணைத்துக்கொண்டு அவள் நின்றாள், கல்யாணத்தன்று நின்ற அதே இடத்தில் நின்றாள். பூலுடையார் கெட்ட மனுஷன் இல்லை, உரக்கடை வைத்திருக்கிறார், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் பெஞ்சு போடுகிறவர், அவருக்கும் குரல் நடுங்கத்தான் செய்தது. "இந்தப் புள்ளைக்காவ இவ உங்களக் கொன்னாளா?" என்று கேட்டார்.

நான் அட்டையைத் தூக்கினேன். அறுநூறு வௌவாலும் இறக்கையை விரித்தன. அப்படி ஒரு சிவப்பை நான் துணியில் பார்த்ததில்லை.

"டெய்லரே, சொல்லும்வே."

"ரத்தச் செவப்பு," என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். பொய் சொல்லவில்லை என்கிற நிம்மதியோடு சொன்னேன்.

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். "சரி அண்ணாச்சி," என்றாள், அவ்வளவுதான்.

அவளும் பிள்ளையும் இனி மரத்தடியில் கால் வைக்கக் கூடாது என்று கமிட்டி சொன்னது. மெயின் ரோடு, பஸ், பள்ளிக்கூடம், மருந்துக்கடை எல்லாம் மரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன, அவர்கள் வீடு இந்தப் பக்கம் இருக்கிறது, இனி அவர்கள் பேரிக்கரையைச் சுற்றி மூன்று மைல் நடக்க வேண்டும். சாலைக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டினார்கள், மற்றவர்கள் குனிந்து போனார்கள். பேரிக்கரையில் செங்கல் லாரிகள் கிளப்புகிற புழுதியில் நடந்து ஒரு வாரத்தில் பிள்ளைக்கு இளைப்புத் திரும்பிவிட்டது. "பாத்தியளா? கறி நின்னுச்சு, இளைப்பு வந்துட்டு," என்றார்கள். அதற்கு மேல் சாட்சி வேண்டுமா என்று நானும் தலையாட்டினேன்.

கார்த்திகை பிறந்து இரண்டாம் நாள், மதியம் இரண்டு மணி இருக்கும், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தது. நான் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். எதற்கோ தலை நிமிர்ந்தபோது கண்ணாடியில் பிரம்மசக்தி தெரிந்தாள். கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து மரத்தடியில் தனியாக நடந்துகொண்டிருந்தாள், கையில் மருந்துச்சீட்டு. அவளுக்கு மேலே, கிளை கிளையாக, இறக்கைகள் மெதுவாகத் திறந்தன. வாழைக்குருத்து நிறம். விரிந்தும் விரியாத குருத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஒரு பச்சை தெரியுமே, மஞ்சளில் பாதி நனைந்த பச்சை, அது. அவள் போகப்போக அந்த நிறம் அவளுக்கு முன்னால் கிளைகளில் ஓடி வழிவிட்டுக்கொண்டே போனது.

நான் சட்டென்று திரும்பி நேராகப் பார்த்தேன். மரம் சிவந்திருந்தது.

கண் கூசியிருக்கும் என்று கண்ணாடியைப் பார்த்தேன், வாழைக்குருத்து. திரும்பினேன், சிவப்பு. கண்ணாடி, குருத்து. நேரே, சிவப்பு. நான் திரும்பியதை ஓரத்தில் தொங்கிய ஒரு தாய் முதலில் பார்த்தது, அது சிவந்து குட்டிக்குக் காட்டியது, குட்டி பக்கத்துக்கு, பக்கத்தது அடுத்ததற்கு, நான் மறுபடி முதுகைக் காட்டியதும் அதேபோல் ஒன்றொன்றாக ஆறியது. அந்தப் பாளையங்கோட்டை அம்மா சொன்னது அப்போதுதான் என் மண்டையில் இறங்கியது. அதுகள் அதுகளுக்குள் பேசிக்கொண்டிருந்தன. 'ஜாக்கிரதை, பார்க்கிறான்' என்று சொல்லிக்கொண்டிருந்தன. அவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோழிக்காரனைப் பற்றியும் சொல்லவில்லை. கீழே கூட்டமாக நின்று, கண்ணை இடுக்கி, யார் என்ன செய்தார்கள் என்று துழாவிக்கொண்டிருந்த எங்களைப் பற்றித்தான் ஆடியிலிருந்து ஒன்றையொன்று எச்சரித்துக்கொண்டிருந்தன.

எழுந்து ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதினோரு நாள் சொல்லவில்லை. சொன்னால் சேட் கார்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றவன் நான், சிவப்பில் பெரும்பங்கு என்னுடையது. டீக்கடைப் பெஞ்சு போய்விடும் என்றும் நினைத்தேன். ஒரு பிள்ளையின் மூச்சுக்கு எதிரே ஒரு பெஞ்சை வைத்து எடை போட்ட மனுஷன் நான்.

பன்னிரண்டாம் நாள் மழை விட்டிருந்தது. பேரி நிறைந்து மறுகால் பாய்ந்து, கரைப்பாதை இரண்டிடத்தில் அறுந்துவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பிரம்மசக்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள், பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போய் வந்தது. அரிசிப்பானை மருந்து தீர்ந்துவிட்டது. நூற்றியெட்டுக்குச் சொன்னதில் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்களாம். மரத்துக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டில், செய்யதின் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது, முந்நூறு அடி இருக்கும். நடுவில் கயிறு. கயிற்றைச் சுற்றி முப்பது நாற்பது பேர். மேலே மரம் கொதித்துக்கொண்டிருந்தது.

"புள்ளையக் குடும்மா, நாங்க தூக்கிட்டுப் போறோம். நீ மட்டும் வராண்டாம். இந்தச் செவப்புல நீ கடந்தா அதுக மரத்த விட்டே போயிரும்," என்றார் பூலுடையார். அழாக்குறையாகத்தான் சொன்னார்.

"உங்க கையில எம்புள்ளையத் தரமாட்டேன்," என்றாள் பிரம்மசக்தி.

"எங்கள நம்ப மாட்டியா?"

"நீங்க என்னைய நம்புனியளா?"

கோமு இரண்டு கையையும் நீட்டினாள். பிரம்மசக்தி ஓரடி பின்னால் போனாள். கோமு நல்லெண்ணத்தோடுதான் நீட்டினாள், எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் எந்தக் கை எதற்காக நீளுகிறது என்று கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை, எங்களில் யாராலும் முடிந்திருக்காது. பிள்ளை விசிலடித்துக்கொண்டிருந்தது.

நான் கடைக்குள் போய்க் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றினேன். இருபத்திரண்டு வருஷமாகக் கழற்றாத ஆணி, சுவரோடு பெயர்ந்து வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்துக்கும் கடைக்கும் நடுவில் சாலையில் நிறுத்திப் பிடித்தேன்.

"எல்லாரும் இங்குன திரும்புங்க. மரத்துக்கு முதுகக் காட்டி நில்லுங்க. கண்ணாடியில பாருங்க."

"எதுக்குவே திரும்பச் சொல்லுதேரு? அவ ஓடிப்போறதுக்கா?" என்றார் பூலுடையார்.

"செவப்பு அவளுக்கு இல்லவே!" என்று கத்தினேன். எங்கள் ஊரில் மரத்தடியில் யாரும் கத்துவதில்லை, எல்லாரும் திடுக்கிட்டார்கள். "நமக்கு. நாம பாக்குததுக்கு. அதுக நம்மளக் கண்டு பயந்துல்லா செவக்கு! நேரே பாக்காம பாருங்க, தெரியும். பதினோரு நாளா எனக்குத் தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

ஒருவரும் திரும்பவில்லை. நான் திரும்பினால் நீ பார்ப்பாய், நீ திரும்பினால் அவன் பார்ப்பான் என்று நின்றார்கள். பிறகு கோமு, வேறு யாரும் தனக்கு முன்னால் அதிசயத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று, திரும்பினாள். அவள் என்னத்தைப் பார்க்கிறாள் என்று பக்கத்திலிருந்தவள் திரும்பினாள். அதற்குப் பிறகு திரும்பாமல் நிற்க யாருக்கும் மனசு கேட்கவில்லை, கண்ணாடிக்கு முன்னால் இடித்துக்கொண்டு நின்றார்கள், பூலுடையார் கடைசியாகத் திரும்பினார்.

அவர்கள் என்னைப் பார்த்து நின்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் ஒருவன்தான் மரத்தைப் பார்த்து நின்றேன். இதை நான் யோசிக்கவில்லை. என் பார்வை ஒன்றே போதும், எல்லாவற்றையும் சிவக்க வைத்துவிடும் என்று தோன்றியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கயிறு உரசுகிற சத்தம் கேட்டது. காலடி. பிள்ளையின் விசில், ஒன்று, இன்னொன்று, இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. முன்னால் ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், "தலைய எடும்வே, மறைக்கு." விசில் நின்றுவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், அடுத்த மூச்சு வரவில்லை. தலையில் கல் விழுந்ததுபோல் ஆகி நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அவள் மரத்தடியில் பாதித் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள், தோளில் பிள்ளையின் தலை ஆடியது, கை தொங்கியது, அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன், அசையுதா, அசையுதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், விரல்கள் மடங்கி அம்மாவின் ரவிக்கையைப் பிடித்தன. நான் தைத்த ரவிக்கை அது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த பிறகுதான் அவளைச் சுற்றி வெளிச்சம் வேறு மாதிரி இருப்பது தெரிந்தது, அண்ணாந்தால் அறுநூறு வௌவாலின் இறக்கைகளும் முழுசாக விரிந்து வாழைக்குருத்து நிறத்தில் நின்றன. நான் நேரேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை தளர்ந்து கண்ணாடி விழுந்து உடைந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மரம் சிவந்தது. செய்யதின் ஆட்டோ அதற்குள் கிளம்பிவிட்டது.

அன்றைக்கு நான் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை. கோமு பச்சையைப் பார்த்தேன் என்றாள். பூலுடையார் தன் மீசையைத்தான் பார்த்தேன் என்றார். இன்னொருவர் தன் பின்னால் நின்றவன் சட்டைப்பையை எட்டிப் பார்த்ததைப் பார்த்தேன் என்றார். கடைசியில் என்னிடம் வந்தார்கள். "நீரு சொல்லும். என்ன நெறம்?"

"வாழக்குருத்து. நேரே பாத்தேன்."

பூலுடையார் யோசித்தார். "நேரே பாத்தா செவக்கும்னுதானேவே சொன்னீரு? நேரே பாத்து பச்சையா இருந்துச்சுங்கீரு. ரெண்டுல ஒண்ணு பொய்."

இப்போதும் கமிட்டியில் அந்தக் கேள்வி நிலுவையில்தான் இருக்கிறது. ஐந்தாம் நாள் கரண்ட் ஆபீஸ் லயன்மேன் டிரான்ஸ்பார்மரில் ஏறி, கம்பியில் ஒட்டிக்கிடந்த இன்னும் இரண்டு வௌவாலை எடுத்துக் காட்டி, "இந்த லயன் தாழ்ந்து கெடக்கு, செத்ததெல்லாம் இதுலதான்," என்றார். ஊர் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்தது. கயிறு அன்றைய நெரிசலில் அறுந்து கிடந்தது, அதை யார் திரும்பக் கட்டுவது என்பதில் ஒத்துவராததால் அப்படியே விட்டுவிட்டார்கள். மன்னிப்பு என்று ஒன்று யாரும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் காலை பிரம்மசக்தியும் சுபிக்சாவும் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, மரத்தடி வழியாக நடந்து வந்து, என் கடை வாசலில் நின்றார்கள். பிள்ளையின் கையில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நான் மெஷினை விட்டு எழுந்தேன். சுவரில் கண்ணாடி இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது.

"என்னைய மன்னிச்சிரும்மா," என்றேன்.

"அன்னைக்கு என்ன நெறம் பாத்திய?" என்று கேட்டாள்.

"வாழக்குருத்து."

"எனக்குத் தெனமும் அதான். நான் தனியா வரையில எப்பமும் அதான். கல்யாணங் கட்டி வந்த மறுநாளே இதுகள எனக்குப் பிடிச்சுப்போச்சு. நெறம் வந்தப்போ முதல்ல எனக்கு அதான் காட்டுச்சு."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"நான் சொல்லி நீங்க நம்பியிருப்பியளா?"

சேட் கார்டு மேசைமேல் கிடந்தது, முந்நூற்றுச் சொச்சம் நிறத்தில் வாழைக்குருத்து கிடையாது, இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அந்த நிறத்தில் துணி கொண்டுவந்ததில்லை.

"அந்த நீலப் பூப்போட்ட துணியத் திருப்பிக் குடுத்திருங்க அண்ணாச்சி. தென்காசியில தச்சுக்கிடுதேன்," என்றாள். பிள்ளையின் கவுனுக்காக ஆடியிலேயே கொடுத்த துணி, வெட்டாமல் வைத்திருந்தேன். எடுத்து மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகாமல் மறுபடியும் மரத்தடிப் பக்கமே திரும்பினார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டுமாம். கண்ணாடி இல்லை, ஆகவே நான் வாசலுக்கு வந்து நேரேதான் பார்க்க வேண்டியிருந்தது. இன்றைக்கு எனக்கு என்ன காட்டும் என்று அண்ணாந்தேன். ஓரத்துத் தாய் என்னைப் பார்த்தது, சிவந்தது, குட்டியும் சிவந்தது, கிளை கிளையாகச் சிவப்பு ஓடியது. நான் தேடியது என்னைப் பற்றிய தீர்ப்பு, அதுகளுக்கு அதுவும் அதே பழைய பார்வைதான் போலிருக்கிறது. பிரம்மசக்தி நிமிர்ந்தே பார்க்கவில்லை, தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

சுபிக்சா மட்டும் மரத்தடியில் நின்றது. மேலே பார்த்தது. பிறகு யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் இரண்டு கையையும் அகலமாக விரித்துக் காட்டியது, பிளாஸ்திரி ஒட்டிய கையை ஒருதரம் திருப்பியும் காட்டியது, "இங்க பாருங்க, சரியாயிட்டு," என்றது. அம்மா கூப்பிட்டாள். பிள்ளை ஓடியது, விசில் இல்லாமல், நெஞ்சுக்குழி உள்ளே போகாமல், பள்ளிக்கூட வாசல் வரைக்கும் ஒரே மூச்சாக ஓடியது. நான் அது உள்ளே போய் மறைகிற வரையில் பார்த்துக்கொண்டே நின்றேன், மேலே என்ன நிறம் என்று பார்க்க மறந்துபோனேன்.